எது பெரிய மொழி என்று கேட்பதற்கு முன்: ஜெர்மானிய மொழிகளை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி

குன்னூர் லோகோ ஷெட்டில் என் அப்பா ஃபிட்டராக இருந்தார். சனிக்கிழமை மதியம் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. மலை ரயிலின் நீராவி எஞ்சினில் ஒரு தகடு இருக்கும். அதில் 'விண்டர்தூர்' என்று ஒரு சொல். அந்த எஞ்சின்களைச் செய்த சுவிட்சர்லாந்து ஊரின் பெயர் அது. முதல் பாதி எனக்கு அப்போதே புரிந்தது: விண்டர், குளிர்காலம். பிற்பாடு சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கப் போனபோது, கதவுக்கு 'ட்யூர்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆகா, 'குளிர்காலத்தின் கதவு', குன்னூருக்கு வந்த எஞ்சினுக்கு எவ்வளவு பொருத்தம் என்று பல வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழுத் தப்பு. ரோமர் காலத்தில் அந்த ஊர் 'விட்டுடூரும்'. கெல்டிக் பெயர். அதில் குளிரும் இல்லை, கதவும் இல்லை.

மொழிகளை ஒப்பிட உட்காரும் யாருக்கும் இந்த மானக்கேட்டைத்தான் முதலில் சொல்வேன். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது.

இப்போது குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையில் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகத் தயாராகும் நர்ஸ் பிள்ளைகள். ஒரு ஜூன் மாத மழையில், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வரும் படுகர் பெண் கேட்டாள்: "டீச்சர், இங்கிலீஷ், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் ஒரே குடும்பம்னு சொல்றீங்க. அதுல எது பெஸ்ட்?" அன்றைய இலக்கணப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தக் கேள்விக்கே இரண்டு மணி நேரம் கொடுத்தோம். அன்று செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பெரிய நோட்டு, பென்சில், அகராதி பார்க்க ஒரு போன், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

நோட்டைக் குறுக்கே திருப்பி வைத்து ஆறு கட்டம் போடுங்கள்: ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக், ஆறாவது உங்கள் இஷ்டம். தென் ஆப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸை எடுக்கலாம், ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் யிட்டிஷை எடுக்கலாம், நெதர்லாந்தின் வடக்கே பேசப்படும் ஃப்ரிஸியனை எடுக்கலாம். குடும்பத்தில் மூன்று கிளை. மேற்குக் கிளையில் ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவை. வடக்குக் கிளையில் ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜியன், ஐஸ்லாண்டிக், ஃபரோயீஸ். கிழக்குக் கிளை பட்டுப்போய்விட்டது. அதில் கோத்திக் மட்டும் நான்காம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பின் உபயத்தில் நமக்குத் தெரியும்.

அடுத்தது சொற்களைப் பொறுக்குவது. முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். என் வகுப்பில் எல்லோரும் முதலில் எழுதிய சொல் டீ. நீலகிரிப் பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்? ஆங்கிலத்தில் டீ, ஜெர்மனில் டே, டச்சிலும் டே, ஸ்வீடிஷில் டே. பார்த்தீர்களா ஒரே குடும்பம் என்று குதித்தார்கள். தேயிலையில் உள்ள நம் 'தே'யும் அதுதானே, அப்போது தமிழும் ஜெர்மானிய மொழியா? சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி 'தேத்தண்ணி' என்று எடுத்துக் கொடுத்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம். தெற்குச் சீனக் கடற்கரையின் சொல் அது. டச்சு வணிகர்கள் இலையோடு சேர்த்துச் சொல்லையும் ஐரோப்பாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். சரக்கோடு வந்த சொல் வம்சத்தைக் காட்டாது. உருளைக்கிழங்கும் அப்படியே. அது அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே பதினாறாம் நூற்றாண்டில்தான். அதனால் டச்சுக்காரர் 'மண் ஆப்பிள்' என்று பொருள்படும் ஆர்ட்ஆப்பல் என்கிறார், ஜெர்மானியர் கார்ட்டாஃபல் என்கிறார், ஸ்வீடன்காரர் பொட்டாட்டிஸ் என்கிறார். ஆளுக்கொரு பெயர்.

ஆகவே சந்தையில் வாங்க முடியாத சொற்களை எடுங்கள். கை, கால், பல், தண்ணீர், அப்பா, இரண்டு, ஐந்து, பத்து, மீன், பால், தின், போ, திற, செய். இருபது இருந்தால் போதும்.

கட்டங்களை நிரப்பிய பிறகு மேலிருந்து கீழே பார்க்காதீர்கள். இடமிருந்து வலமாக, ஒரு வரியில் எந்த ஒலி எதுவாக மாறுகிறது என்று பாருங்கள். ஒற்றைச் சொல் ஒத்துப்போவதற்கு மதிப்பே இல்லை. ஒரே மாற்றம் பத்துச் சொல்லில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது உறவு.

இது புரிய ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. குன்னூருக்குப் பக்கத்தில் ஹுலிக்கல் இருக்கிறது. ஹுலி என்றால் புலி. ஹுலிக்கல் என்பது புலிக்கல். படுகர் ஊரை ஹட்டி என்கிறார்கள், நம் பட்டி. ஹொசஹட்டி என்றால் புதுப்பட்டி. பாலுக்கு ஹாலு. கன்னடத்தில் பத்து ஹத்து, பல் ஹல்லு, பன்றி ஹந்தி. தமிழில் சொல் தொடங்கும் இடத்தில் ப இருந்தால், கன்னடத்திலும் படுக மொழியிலும் பெரும்பாலும் ஹ. பழைய கன்னடத்தில் அங்கேயும் ப தான் இருந்தது, பிற்பாடு தேய்ந்தது. இதைக் கரும்பலகையில் எழுதியதும் அந்தப் படுகர் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் பேசுவது கொச்சை என்று அதுவரை யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கொச்சைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்குமா என்று கேட்டேன்.

இதே வேலையை ஜெர்மானியக் குடும்பம் அதற்கு வெகு காலம் முன்பே செய்து முடித்திருந்தது. அங்கே ப தேய்ந்து ஃப ஆனது. நமக்குத் தெரிந்த சமஸ்கிருதச் சொற்களை எதிரே வையுங்கள்: பாதம், ஃபுட். பிதா, ஃபாதர். பஞ்ச, ஃபைவ். மெல்லிய த அங்கே வல்லொலியாக மாறியது: தசம், டென், தந்தம், டூத், த்வி, டூ. சமஸ்கிருதம் இவற்றுக்கு அம்மா இல்லை, தூரத்துச் சித்தி. ஆனால் பழைய ஒலியைக் கட்டிக் காத்த சித்தி. இந்த ஒழுங்கை 1818-இல் ராஸ்க் என்ற டென்மார்க்காரர் கவனித்து எழுதினார். 1822-இல் யாக்கோப் கிரிம் விதியாக வகுத்தார். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம்.

குடும்பத்துக்குள்ளேயே ஜெர்மன் இன்னொரு தடவை மாறியது. இது என் பிள்ளைகளுக்குப் பரீட்சையிலும் உதவும் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். ஆங்கில டென், டச்சு டீன், ஜெர்மனில் ட்ஸேன். டூத், டாண்ட், ட்ஸான். டூ, ட்வே, ட்ஸ்வை. தண்ணீர் வாட்டர், வாத்தர், வாஸர். ப-வுக்கும் அதே கதி: ஆப்பிள், ஆப்பல், ஆப்ஃபல், ஓபன், ஓப்பன், ஓஃபன். 'செய்' மேக், மாக்கன், மாஹன். இந்த மூன்று மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டால், படிக்காத ஜெர்மன் சொல்லையும் பாதி நேரம் ஊகித்துவிடலாம். டச்சு இந்த இரண்டாம் மாற்றத்தில் சேரவில்லை. அதனால்தான் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் திண்ணை போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. எனக்கு டச்சின் மேல் ஒரு கண் உண்டு, மறைப்பானேன்.

ஜெர்மனும் டச்சும் செய்யாத, ஆங்கிலம் செய்த மாற்றமும் உண்டு. அதற்கும் நம்மிடம் ஜோடி இருக்கிறது. ஜெர்மனில் கேஸ, டச்சில் காஸ், ஆங்கிலத்தில் சீஸ். ஜெர்மன் கின், ஆங்கிலம் சின், அதாவது மோவாய். டச்சு கெர்க், ஆங்கிலம் சர்ச். இ, எ போன்ற உயிருக்கு முன்னால் வந்த க, ச ஆகிவிட்டது. இங்கே கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. கேரி, சேரி. கெம்பு, செம்மை. நாட்டியப் பெண்கள் போடும் கெம்புக்கல் நகையில் அந்தக் கன்னடக் க இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தில் தமிழ் செய்ததும் ஆங்கிலம் செய்ததும் ஒரே காரியம். அதற்காக இரண்டும் உறவில்லை. வாய் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே அமைந்திருக்கிறது.

இனி போலிகளைப் பிடிக்கும் வேலை. டிசம்பரில் ஒரு பெண் ஜெர்மனில் கட்டுரை எழுதினாள்: 'எங்கள் குன்னூரில் நிறைய மிஸ்ட் இருக்கும்.' டச்சில் மிஸ்ட் என்றால் மூடுபனிதான். ஜெர்மனில் மிஸ்ட் என்றால் சாணம், எருக்குப்பை. இந்த இரண்டும் உருவம் ஒன்றாகிப் போன வேறு வேறு சொற்கள். ஆனால் 'கிஃப்ட்' வேறு வகை. ஊட்டியில் வீட்டுச் சாக்லேட்டும் தைல எண்ணெயும் விற்கும் கடைகளில் 'கிஃப்ட் ஷாப்' என்று போர்டு இருக்கும். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். ஸ்வீடிஷில் விஷம் என்றும் பொருள், கல்யாணமானவர் என்றும் பொருள்! இவை எல்லாம் 'கொடு' என்ற ஒரே வேரில் கிளைத்தவைதாம். கொடுத்தது என்ன என்பதில்தான் வழி பிரிந்தது. ஆக, பொருள் வேறானாலும் ரத்த உறவு இருக்கலாம், உருவம் ஒன்றானாலும் இல்லாமல் போகலாம். ஒலிக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். மருந்து அலமாரிப் பக்கம் வேலை பார்க்கப் போகிறவர்கள் கிஃப்ட்டை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிடுங்கள்.

சொல் முடிந்ததா, அப்புறம் வாக்கியம். எல்லா மொழிக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். நான் எடுப்பது 1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தில் முதல் பிரிவின் முதல் வரி. அது பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும். ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ் நான்கும் மனிதர்களுக்கு மென்ஷன், மென்ஸன், மென்னிஷோர், மென்னஸ்கர் என்று சொந்தச் சொல்லைப் போடும். ஆங்கிலம் மட்டும் 'ஹியூமன்' என்று லத்தீன் வழிச் சொல்லை எடுக்கும். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து ஆங்கிலத்தின் பீரோவில் பாதி பிரெஞ்சுப் புடவை. 'ஃப்ரீ', 'பார்ன்' என்ற அன்றாடச் சொற்களில்தான் பழைய வீட்டு முகம் தெரியும். ஜெர்மனிலும் டச்சிலும் 'பிறந்து' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வாக்கியத்தின் கடைசியில், தமிழில் வினை நிற்கும் இடத்தில்.

இன்னொரு சோதனை: 'இன்று' என்ற சொல்லை வாக்கியத்தின் முதலில் வையுங்கள். ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் எல்லாமே 'இன்று போகிறேன் நான்' என்று வினையை இரண்டாம் இடத்தில் நிறுத்தும். ஆங்கிலம் மட்டும் 'இன்று நான் போகிறேன்' என்று போய்விடும். குடும்பப் போட்டோவில் தனியாக நிற்பது அதுதான். எல்லா ஜெர்மானிய மொழியையும் ஆங்கிலத்தை வைத்து அளக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

பால் பாகுபாட்டைப் பார்க்கும்போது சிரிக்காமல் இருக்கப் பழகுங்கள். ஜெர்மனில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. பெண் பிள்ளையைக் குறிக்கும் 'மேட்ஹென்' அஃறிணைபோல் நடக்கும். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சரி, குழந்தை அழுகிறாளா, அழுகிறதா என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள். ஐஸ்லாண்டிக்கும் ஜெர்மனும் மூன்று பாலைக் காத்தன, ஸ்வீடிஷும் டேனிஷும் இரண்டாகச் சுருக்கின, ஆஃப்ரிகான்ஸ் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டது.

எண்கள் நர்சுகளுக்கு விளையாட்டில்லை. ஜெர்மனில் 54 என்பது 'நான்கும் ஐம்பதும்'. கேட்ட வரிசையில் எழுதினால் 45 ஆகிவிடும். டச்சும் டேனிஷும் இதே வழி. நார்வேயிலும் அப்படித்தான் இருந்தது. 1951-இல் அரசே வரிசையை மாற்றியது, பழைய வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. டேனிஷ் 90 என்றால் 'நாலரை இருபது'. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லும் முன் நம் தொண்ணூறுக்குள் நூறு ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விளக்கிப் பாருங்கள்.

ஒப்பிடும்போது ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுங்கள். செய்தி வாசிக்கும் ஜெர்மனையும் தெருவில் பேசும் டச்சையும் எதிரெதிரே நிறுத்துவது அநியாயம். அப்பாவின் எஞ்சின் பிறந்த ஊரில் எழுதுவது ஒரு ஜெர்மன், வீட்டில் பேசுவது வேறு. நாமும் 'போகிறேன்' என்று எழுதிவிட்டுப் 'போறேன்' என்று பேசுகிறவர்கள்தானே.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். எது பெஸ்ட்? பச்சைத் தேயிலை எடை போடும் தராசில் செடியின் உயரத்தை அளக்க முடியாது. அதனால் விடையைச் சொல்லும் முன், எதை அளக்கிறோம் என்று நோட்டின் தலையில் எழுதச் சொன்னேன்.

பேசுகிறவர்களின் எண்ணிக்கை என்று எழுதினால் ஆங்கிலம், பேச்சே இல்லை. இரண்டாம் மொழியாகப் பேசுகிறவர்களையும் சேர்த்தால் 100 கோடிக்கு வெகு மேலே. தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஜெர்மனுக்கு 9 கோடிக்கு மேல், டச்சுக்கு 2 கோடிக்கு மேல். ஐஸ்லாண்டிக்குக்குச் சுமார் மூன்றரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகையே ஏழு லட்சத்துக்கு மேல். ஃபரோயீஸ் பேசுகிறவர்களை மொத்தமாகக் கூட்டி வந்தால் உதகை நகரத்தைக்கூட நிரப்ப முடியாது.

பழமை என்று எழுதினால் கோத்திக்குக்குத்தான் முதல் பெரிய நூல். பேச இன்று ஒரு ஆள் இல்லை. 'மூத்த மொழி' என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊரில் மார்பு தானாக நிமிரும், எனக்கும்தான். ஆனால் மூப்பை மட்டும் அளந்தால் பரிசைக் கல்லறையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வரும்.

பழைய உருவத்தைக் காப்பது என்றால் ஐஸ்லாண்டிக். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கதைகளை அங்கே இன்றும் அதிகச் சிரமமில்லாமல் படிக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு எண் என்ற சொல்லையும் குறிகாரி என்ற சொல்லையும் சேர்த்து 'தோல்வா' என்று ஆக்கினார்கள். கணினி என்று எழுதும் நமக்கு அந்தப் பிடிவாதம் தெரியாததா? குடும்பப் பெயருக்குப் பதில் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள், நம் இனிஷியல் மாதிரி. சீக்கிரம் கற்பது என்றால் ஆஃப்ரிகான்ஸ். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. அடிபட்டும் எழுதியது என்றால் யிட்டிஷ். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் பேசிய மொழி. 1978-இல் ஐசக் பாஷெவிஸ் சிங்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது அந்த மொழியில் எழுதியதற்குத்தான்.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒவ்வொரு பெயர் வந்தது. அவள் விடவில்லை. "உங்களுக்கு எது டீச்சர்?" டச்சு என்றேன். "அப்ப ஏன் ஜெர்மன் சொல்லித்தர்றீங்க?" "வாடகை கட்டணும் கண்ணு."

அவள் ஆறாவது கட்டத்தில் ஆஃப்ரிகான்ஸை எழுதவில்லை, யிட்டிஷை எழுதவில்லை. படுக மொழியை எழுதினாள். அது தப்பு, வேறு குடும்பம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த வாரம் அவள் பாட்டியிடம் கேட்டு இருபது சொல்லையும் நிரப்பிக்கொண்டு வந்தாள். பக்கத்திலேயே தமிழுக்கும் கன்னடத்துக்கும் தானே கோடு போட்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வட ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ். தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இரவில் 'வாத்தர், வாத்தர்' என்று கேட்டாராம். கூட வேலை செய்த வெளியூர்ப் பெண் அகராதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். "நம்ம நோட்டுல டச்சுக் கட்டத்துல எழுதினோமே டீச்சர், அதே வார்த்தை. அந்தப் பாட்டி டச்சா?"

டச்சு இல்லை. வடக்கே ஊர்ப்புறத்து முதியவர்கள் பேசும் தாழ்ஜெர்மன், ப்ளாட் என்பார்கள். அதுவும் அந்த இரண்டாம் மாற்றத்தில் சேராத மொழி. என் கட்டங்களில் அதற்கு நான் இடமே விட்டிருக்கவில்லை. நீங்கள் கோடு போடும்போது ஏழாகப் போட்டுக்கொள்ளுங்கள்.